பட்டம் காலாவதி ஆகாது, பதிவு ஆகும்: தென்னாப்பிரிக்காவில் இன்ஜினியர் பதிவைப் புதுப்பிப்பது எப்படி?

"படிச்சு முடிச்சாச்சு, ரிஜிஸ்டரும் பண்ணியாச்சு. அப்புறம் எதுக்கு இன்னும் கிளாஸ், சர்ட்டிபிகேட்னு அலையறான்?" டர்பனின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் இன்ஜினியர் பிள்ளை இருக்கும் வீடுகளில் இந்தக் கேள்வி சாதாரணம். தமிழ்நாட்டிலிருந்து டர்பனுக்கோ ஜோகன்னஸ்பர்க்குக்கோ வேலைக்கு வந்தவர்களுக்கு இது இன்னும் புதிது. ஊரில் பி.இ. முடித்துவிட்டால் ஆயுசுக்கும் இன்ஜினியர்தான். யாரும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கதவைத் தட்டி, "சமீபத்தில் என்ன புதிதாகக் கற்றீர்கள்?" என்று கேட்பதில்லை. இங்கே கேட்கிறார்கள்.

ஏன் கேட்கிறார்கள், என்ன கேட்கிறார்கள், எப்படிப் பதில் வைத்துக்கொள்வது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப்போகிறேன். நான் வேலை பார்ப்பது ஒரு ஆலோசனைப் பொறியியல் நிறுவனத்தில். அங்குள்ளவர்களின் பதிவுக் கோப்புகளைப் பார்த்துக்கொள்வதும் என் வேலைகளில் ஒன்று.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்த்துவிடலாம். பல்கலைக்கழகம் கொடுப்பது பட்டம். அது உங்களுடையது, யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள். தொழில்முறைப் பொறியாளர் என்று கையெழுத்துப் போடும் உரிமை வேறு. அதைக் கொடுப்பது தென்னாப்பிரிக்கப் பொறியியல் மன்றம். எல்லோரும் சுருக்கமாக 'எக்ஸா' (ECSA) என்பார்கள். 2000-ஆம் ஆண்டின் 46-ஆம் எண் சட்டமான பொறியியல் தொழில் சட்டத்தின் கீழ் இயங்கும் அமைப்பு அது. பட்டம் வாங்கியவர் வழக்கமாக முதலில் அங்கே 'கேண்டிடேட்' ஆகப் பதிவு செய்துகொண்டு, குறைந்தது மூன்று வருடம் ஒரு வழிகாட்டியின் கீழ் வேலை பார்த்து, தன் திறமையை எழுத்திலும் நேரிலும் நிரூபித்தபின்தான் முழுப் பதிவு கிடைக்கும். அப்படி நிரூபிக்க வேண்டிய தகுதிகள் மொத்தம் 11. அதில் பதினோராவது என்ன தெரியுமா? தன் திறமையைத் தானே தொடர்ந்து வளர்த்துக்கொள்ளும் பழக்கம் இருக்கிறதா என்பது. தொடர் கல்வி என்பது பதிவு கிடைத்த பிறகு திடீரென்று தலையில் விழும் பாரமல்ல. உள்ளே நுழையும்போதே வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் நுழைகிறோம்.

தொழில்முறைப் பதிவில் நான்கு வகை உண்டு: பொறியாளர், டெக்னாலஜிஸ்ட், சர்ட்டிஃபிகேட்டட் இன்ஜினியர், டெக்னீஷியன். பழைய எம். எல். சுல்தான் டெக்னிக்கல் கல்லூரியில் படித்த மாமாக்கள், சித்தப்பாக்கள் நம் குடும்பங்களில் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்களில் பலர் டெக்னாலஜிஸ்டாகவோ டெக்னீஷியனாகவோ பதிவானவர்கள். "நான் டெக்னீஷியன்தானே, எனக்கு இதெல்லாம் எதற்கு?" என்று அவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். நான்கு வகைக்கும் தொடர் கல்வி உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டத்தில் இதற்கான இடம் சின்னதுதான். பதிவு காலாவதியாகும் தேதிக்கு மூன்று மாதம் முன்னதாகவே புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும் என்கிறது 22-ஆம் பிரிவு. புதுப்பிக்க என்ன நிபந்தனை என்பதை மன்றமே முடிவு செய்யலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. தொடர் கல்வி எப்படி இருக்க வேண்டும், எவ்வளவு இருக்க வேண்டும் என்று வகுக்கும் அதிகாரமும் சட்டத்திலேயே மன்றத்துக்குத் தரப்பட்டிருக்கிறது. அந்த அதிகாரத்தில் வந்ததுதான் 'சிபிடி' என்று ஆபீஸில் எல்லோரும் சொல்லும் தொடர் தொழில்முறை வளர்ச்சி விதிகள்.

அந்த மூன்று மாதத்தைப் பலர் கவனிப்பதில்லை. உங்கள் பதிவு செப்டம்பர் 30 அன்று முடிகிறதென்றால், ஜூன் மாதக் கடைசிக்குள் விண்ணப்பம் போயிருக்க வேண்டும். செப்டம்பரில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் ஏற்கெனவே தாமதம்.

வருடா வருடம் கட்டும் கட்டணம் வேறு, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வரும் புதுப்பித்தல் வேறு. பணம் கட்டிவிட்டேனே, எல்லாம் சரியாகத்தானே இருக்கும் என்று நினைப்பவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். இரண்டும் தனித்தனிக் கடமை. கட்டணத்தைக் கெடு தேதியிலிருந்து 60 நாளுக்குள் கட்டாவிட்டால் பதிவையே ரத்து செய்ய மன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ரத்தானால் சான்றிதழைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிப் பதிவாளரிடமிருந்து கடிதம் வரும். அது வந்த 30 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். வரவேற்பறையில் ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறோமே, அதே சான்றிதழ்தான்.

25 கிரெடிட் கணக்கு

ஐந்து வருடத்தில் 25 கிரெடிட் சேர்க்க வேண்டும். சராசரியாக வருடத்துக்கு 5. இதைக் கேட்டதும் மலைத்துப்போகிறவர்கள்தான் அதிகம். கணக்கை விரித்துப் பார்த்தால் அந்த மலைப்பு பாதி போய்விடும், கொஞ்சம் வெட்கமும் வரும். ஏன் வெட்கம் என்று பிறகு சொல்கிறேன்.

கிரெடிட்டுகள் மூன்று வகை. முதல் வகை, படிப்பு: வகுப்பு, பயிலரங்கு, மாநாடு, கருத்தரங்கு போன்றவை. 10 மணி நேரத்துக்கு 1 கிரெடிட் என்பது அடிப்படை. நடைமுறையில் ஒருநாள் பயிலரங்குக்கு 1 கிரெடிட் போடுவார்கள். ஒரு மணி நேர இணைய உரை கேட்டால் 0.1. இரண்டாவது வகை, வேலை: பொறியியல் வேலை 400 மணி நேரத்துக்கு 1 கிரெடிட், ஆனால் வருடத்துக்கு 2-க்கு மேல் கிடையாது. இளையவர்களுக்கு வழிகாட்டினால் 50 மணி நேரத்துக்கு 1, அதற்கும் வருட உச்சவரம்பு 1. மூன்றாவது வகை, சொந்த முயற்சி: அங்கீகரிக்கப்பட்ட தொழில்முறைச் சங்கத்தில் உறுப்பினராக இருப்பது, கட்டுரை வெளியிடுவது, பகுதிநேரமாகப் பாடம் நடத்துவது, தொழில்நுட்பக் குழுக்களில் உட்காருவது, பள்ளிப் பிள்ளைகளுக்குத் தொழில் வழிகாட்டல் செய்வது போன்றவை.

முக்கியமான கட்டுப்பாடு ஒன்று உண்டு. 25-இல் குறைந்தது 5 கிரெடிட் முதல் வகையில், அதாவது படிப்பில் வர வேண்டும். மற்றதை எப்படிச் சேர்த்தாலும் இதில் சலுகை இல்லை.

இப்போது ஒருவரை எடுத்துக்கொள்வோம். டர்பனில் ஒரு நிறுவனத்தில் தினம் 8 மணி நேரம் கட்டமைப்பு வடிவமைப்பு செய்கிறார். வருடத்துக்கு 2000 மணி நேரம் வரும். 400-ஆல் வகுத்தால் 5 கிரெடிட். ஆனால் உச்சவரம்பு 2 என்பதால் வருடத்துக்கு 2, ஐந்து வருடத்துக்கு 10. சிவில் இன்ஜினியர் என்பதால் அவர் 'சைஸ்' (SAICE) எனப்படும் தென்னாப்பிரிக்க சிவில் இன்ஜினியர்கள் சங்கத்தில் உறுப்பினர். 1903-இல் கேப் டவுனில் தொடங்கிய பழைய சங்கம் அது. எலக்ட்ரிக்கல்காரர்களுக்கு 1909-இல் தொடங்கிய எஸ்.ஏ.ஐ.இ.இ. (SAIEE) சங்கம் இருக்கிறது. உறுப்பினராக இருந்தால் வருடத்துக்கு 1, ஐந்து வருடத்துக்கு 5. தன் கீழ் உள்ள கேண்டிடேட் தம்பிக்கு வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்குகிறார், வருடத்துக்கு 50 மணி நேரம் வந்துவிடும். அது 1, ஐந்து வருடத்துக்கு 5. மொத்தம் 20 ஆச்சு. மீதி 5, கட்டாயமான படிப்புப் பங்கு. 25 சரியாக முடிந்தது.

கூட்டிப் பாருங்கள். தன் வழக்கமான வேலையைச் செய்து, சந்தா கட்டி, பக்கத்து மேசைத் தம்பிக்குச் சொல்லிக் கொடுத்தால் 20 தானாக வந்துவிடுகிறது. உண்மையில் உட்கார்ந்து புதிதாகப் படிக்க வேண்டியது ஐந்து வருடத்தில் 50 மணி நேரம். வருடத்துக்கு 10 மணி நேரம். அவ்வளவுதான். வெட்கம் என்றது இதைத்தான். தைப்பூசக் காவடிக்கு விரதம் இருப்பவர் பத்து நாளில் இதைவிட அதிக நேரம் கோயிலில் செலவிடுகிறார்.

வழிகாட்டுவதற்குத் தன் கீழ் இளையவர் யாரும் இல்லாதவர் என்ன செய்வார்? அந்த 5-ஐயும் படிப்பிலோ மூன்றாவது வகையிலோ ஈடுகட்டுவார். அந்த 5-ஐயும் முழுதாகப் படிப்பிலேயே போட்டாலும், கட்டாயப் பங்கோடு சேர்த்து வருடத்துக்கு 2 ஒருநாள் வகுப்புகள். தனியாகத் தொழில் நடத்துபவர்களும், சின்ன ஊர் நகராட்சியில் ஒரே இன்ஜினியராக இருப்பவர்களும் இந்தக் கணக்கில்தான் வருவார்கள். அவர்களுக்குத்தான் இது சற்றுக் கஷ்டம். ஒருநாள் வகுப்புக்குச் சில ஆயிரம் ராண்ட் கட்டணம், அதோடு ஒருநாள் வேலையும் போகும்.

விதிகளை மன்றம் அவ்வப்போது திருத்தும். அதனால் புதுப்பிக்கும் வருடம் நெருங்கும்போது அப்போதைய விதிப்புத்தகத்தை மன்றத்தின் இணையதளத்தில் ஒருமுறை படித்துவிடுங்கள். நண்பர் அவருடைய வருடத்தில் செய்ததை அப்படியே நீங்களும் செய்ய வேண்டாம்.

எதற்காக இவ்வளவு?

டர்பனுக்கு வடக்கே இருக்கும் டோங்காட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை என்று தோன்றும். 2013 நவம்பர் 19 அன்று அங்கே கட்டிக்கொண்டிருந்த வணிக வளாகம் இடிந்து விழுந்தது. 2 பேர் இறந்தார்கள், 29 பேர் காயமடைந்தார்கள். 2024 மே 6 அன்று ஜார்ஜ் நகரில் கட்டுமானத்தில் இருந்த குடியிருப்பு சரிந்து 34 பேர் இறந்தார்கள். ஆனால் இந்தச் சம்பவங்களைக் காட்டி "பார்த்தீர்களா, வகுப்புக்குப் போகாததால் வந்த வினை" என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. கட்டடம் விழுவதற்குப் பல காரணம் உண்டு. வருடத்துக்கு 10 மணி நேர வகுப்பு அத்தனையையும் தடுத்துவிடாது.

தொடர் கல்வியின் நியாயம் வேறு இடத்தில் இருக்கிறது. நாம் கல்லூரியில் படித்த காலத்து உலகம் நகர்ந்துபோய்விட்டது என்பதில் இருக்கிறது.

2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் குவாசுலு நட்டாலில் பெய்த மழையை மறந்திருக்க மாட்டீர்கள். சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கும் மேல் கொட்டியது. நானூறு பேருக்கும் மேல் இறந்தார்கள். டோங்காட்டின் நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் சேதமடைந்து, ஊரே பல மாதம் டேங்கர் லாரிக்குப் பின்னால் வாளியோடு நின்றது. மழைநீர்க் கால்வாய்க்கும் சிறுபாலத்துக்கும் அளவு போடும் இன்ஜினியர், "இத்தனை வருடத்துக்கு ஒருமுறை வரும் வெள்ளம்" என்று ஒரு கணக்கை எடுத்துக்கொள்வார். அந்தக் கணக்கு பழைய மழைப் பதிவுகளிலிருந்து வருவது. இருபது வருடம் முன்பு கல்லூரியில் கற்ற எண்ணை இன்றும் அப்படியே போடலாமா? இந்தக் கேள்வியை ஒருவர் தன் மேசையில் தனியாக உட்கார்ந்து தீர்க்க முடியாது. நீரியல் தெரிந்தவர்கள் புதிய தரவோடு பேசும் அறையில் போய் உட்கார வேண்டும்.

கட்டட விதிகளும் இப்படித்தான். கட்டடங்களின் எரிசக்திப் பயன்பாடு பற்றிய தேசியத் தரமான சான்ஸ் 10400-எக்ஸ்.ஏ. 2011-இல் வந்தது, 2021-இல் திருத்தப்பட்டது. சுடுநீருக்கு வருடம் முழுக்கத் தேவைப்படும் சக்தியில் குறைந்தது பாதியாவது சாதாரண மின்சூடேற்றி அல்லாத வழியில் வர வேண்டும் என்ற விதி அந்தக் காலத்தில் நுழைந்ததுதான். கூரையில் சூரிய கீசர் முளைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். 2010-க்கு முன் படித்த ஒருவருக்கு இதில் எதுவும் பாடத்திட்டத்தில் இருந்திருக்காது.

அப்புறம் மின்வெட்டு. லோட்ஷெட்டிங் உச்சத்தில் இருந்த 2023-இல் வீட்டுக்கு வீடு சோலார் பலகையும் லித்தியம் பேட்டரியும் ஏறின. அவற்றை நகராட்சி மின்கம்பியோடு இணைக்க, பதிவு பெற்ற இன்ஜினியரோ டெக்னாலஜிஸ்டோ கையெழுத்திட வேண்டும் என்று பல நகராட்சிகள் கேட்டன. டிரான்ஸ்ஃபார்மரும் மோட்டாரும் பார்த்தே வேலைவயதில் பாதியைக் கடந்த எலக்ட்ரிக்கல் அண்ணன்மார்கள் திடீரென்று இன்வெர்ட்டர் விதிமுறைகளைப் படிக்க வேண்டியதாயிற்று. படித்தவர்களுக்கு வேலை வந்தது. படிக்காமல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தவர்களும் இருந்தார்கள். அது வேறு விதமான ஆபத்து: தன் படிப்புக்கும் அனுபவத்துக்கும் உட்பட்ட வேலையை மட்டுமே எடுக்க வேண்டும் என்று மன்றத்தின் நடத்தை விதியே சொல்கிறது. புதிய துறையில் கால் வைக்கும்முன் அதைக் கற்பது கிரெடிட்டுக்காக அல்ல, அந்த விதிக்காகவே தேவை.

சர்ட்டிபிகேட்டில் எதைப் பார்க்க வேண்டும்?

முதல் வகைக் கிரெடிட்டுக்கு எந்த வகுப்பும் சரிவராது. அந்த வகுப்பை அங்கீகரிக்கப்பட்ட சங்கமோ பல்கலைக்கழகமோ மதிப்பிட்டு ஒப்புதல் தந்திருக்க வேண்டும். அப்படித் தந்த வகுப்பின் சர்ட்டிபிகேட்டில் ஒரு ஒப்புதல் எண் இருக்கும். இத்தனை கிரெடிட் என்றும் இருக்கும். இந்த இரண்டும் இல்லாமல் "வெற்றிகரமாகக் கலந்துகொண்டார்" என்று தங்க நிற எழுத்தில் மட்டும் இருந்தால், அது சுவரில் மாட்டத்தான் உதவும். பணம் கட்டும் முன்பே நடத்துபவரிடம் ஒப்புதல் எண்ணைக் கேட்டு வாங்கிவிடுங்கள். விளம்பரத்தில் "கிரெடிட் உண்டு" என்று போட்டிருப்பது போதாது.

அடுத்தது பெயர். நம்மவர்களுக்கு இது தனித் தலைவலி. டர்பனில் ஒரு வகுப்பில் 20 பேர் உட்கார்ந்தால் கோவெண்டர் இரண்டு மூன்று பேர், நாயுடு இரண்டு பேர், பிள்ளை, மூட்லி என்று வந்துவிடும். முதலெழுத்தும் ஒன்றாகிவிட்டால் யாருடைய சர்ட்டிபிகேட் யாருடையது என்று பிறகு கண்டுபிடிப்பது கஷ்டம். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்குச் சிக்கல் வேறு மாதிரி: பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக மாறியிருக்கும், மன்றப் பதிவில் அதுதான் இருக்கும், ஆனால் வகுப்புக்குப் பதியும்போது பழக்கத்தில் இனிஷியலோடு சொந்தப் பெயரைக் கொடுத்திருப்பார்கள். தீர்வு எளிது. பதியும்போதே மன்றப் பதிவு எண்ணையும் கொடுத்து, சர்ட்டிபிகேட்டில் அதை அச்சிடச் சொல்லுங்கள். பெயர் எத்தனை பேருக்கு ஒன்றாக இருந்தாலும் எண் ஒருவருக்குத்தான்.

மூன்றாவது, தேதி. இந்த ஐந்து வருடச் சுற்றுக்குள் வரும் தேதியா என்று பாருங்கள். சுற்று தொடங்கும் முன் போன வகுப்பு எவ்வளவு நல்ல வகுப்பாக இருந்தாலும் போன சுற்றுக்குத்தான் சேரும்.

எல்லாவற்றையும் ஒரு எளிய எக்ஸெல் பட்டியலில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். தேதி, என்ன செய்தேன், எத்தனை மணி நேரம், எந்த வகை, எத்தனை கிரெடிட், ஆதாரம் எந்தக் கோப்பில் இருக்கிறது. கூடவே ஒரு வரி: இதில் என்ன புதிதாகக் கற்றேன்? அந்தக் கடைசிக் கட்டத்தில் எழுத ஒன்றும் இல்லாவிட்டால் அடுத்த முறை அந்த நிறுவனத்தின் வகுப்புக்குப் பணம் கட்டாதீர்கள். மன்றம் எப்போது வேண்டுமானாலும் ஆதாரத்தைக் கேட்டுத் தணிக்கை செய்யலாம். வேலை மாறும்போது பழைய ஆபீஸின் சர்வரிலேயே சர்ட்டிபிகேட்டுகளை விட்டுவிட்டு வந்து, பிறகு அந்த நிறுவனத்தின் எச்.ஆருக்கு மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல் போடுபவர்களை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். சொந்த ஈமெயிலுக்கு ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள். வழிகாட்டும் நேரத்துக்கும் குறிப்பு வேண்டும். "வாரா வாரம் பேசினோம்" என்பது ஆதாரமாகாது. அந்தத் தம்பியோ தங்கையோ கையெழுத்திட்ட ஒரு பக்க அட்டவணை ஆதாரம்.

பணமும் நேரமும்

வகுப்புக் கட்டணத்தை உங்கள் கையிலிருந்து போடும் முன் முதலாளியிடம் கேளுங்கள், தயங்க வேண்டாம். வருடச் சம்பளப் பட்டியல் 5 லட்சம் ராண்டைத் தாண்டும் நிறுவனங்கள் அந்தத் தொகையில் 1 சதவீதத்தைத் திறன் வளர்ச்சி வரியாகக் கட்டுகின்றன. பயிற்சித் திட்டமும் அறிக்கையும் ஒழுங்காகக் கொடுத்தால் அதில் ஒரு பங்கு துறைவாரிப் பயிற்சி ஆணையத்திடமிருந்து நிறுவனத்துக்குத் திரும்பி வரும். ஆகவே உங்கள் வகுப்பு முதலாளிக்குத் தரும் தானமல்ல, அவர் உங்களுக்குச் செய்யும் தானமும் அல்ல. ஏற்கெனவே ஒதுக்கப்பட்ட பணம்தான்.

சங்கங்களின் கிளைகள் மாலை நேரத்தில் நடத்தும் உரைகளைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். பெரும்பாலும் இலவசம், அல்லது உறுப்பினருக்குக் குறைந்த கட்டணம். ஒன்றுக்கு 0.1, 0.2 என்று சில்லறையாகத்தான் வரும். ஆனால் மாதம் ஒன்று கேட்டால் வருடத்துக்கு 1 கிரெடிட் ஆகிவிடும், ஒரு நாள் வேலையும் போகாது. என்னைக் கேட்டால் ஒருநாள் பயிலரங்குகளைவிட இவையே பயனுள்ளவை. காரணம், அங்கே பேசுபவர் பெரும்பாலும் தான் கட்டிய பாலத்தையோ, தான் பழுதுபார்த்த துணைமின் நிலையத்தையோ பற்றிப் பேசுகிறார். தேநீர் நேரத்தில் போய் நின்றால், மேடையில் சொல்லாததையும் சொல்வார். சந்தா கட்டுபவர்களுக்கு மன்றத்தின் வருடக் கட்டணத்திலும் தள்ளுபடி உண்டு என்பதால், சந்தாவில் ஒரு பகுதி அப்படியே திரும்பிவிடுகிறது.

இந்த முறையில் எனக்கு ஒரு குறை உண்டு. அது மணி நேரத்தை எண்ணுகிறது, கற்றதை எண்ணுவதில்லை. ஐந்தாவது வருடக் கடைசி மாதத்தில் மூன்று நாள் தொடர்ந்து ஏதோ ஒரு தலைப்பில் இணைய வகுப்பைத் திறந்து வைத்துவிட்டு, பக்கத்துத் திரையில் வேலை பார்ப்பவருக்கும் அதே கிரெடிட்தான். இதை எந்த விதியாலும் முழுதாகத் தடுக்க முடியாது. ஆனால் வகுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளலாம்: கடந்த ஒரு வருடத்தில் நான் பக்கத்து மேசைக்காரரிடம் போய்க் கேட்ட விஷயம் எது? அங்கேதான் நமக்குத் தெரியாதது இருக்கிறது. நிலத்தடி மண் பற்றியா, ஒப்பந்தச் சட்டமா, புதிய மென்பொருளா? அந்தத் தலைப்பில் வகுப்பைத் தேடுங்கள். ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த தலைப்பில் போய் உட்கார்ந்து தலையாட்டிவிட்டு வருவது சுகமாகத்தான் இருக்கும்.

மற்ற நாடுகளில்

அமெரிக்காவில் உரிமம் நாட்டுக்கு ஒன்றல்ல, மாநிலத்துக்கு ஒன்று. 1907-இல் வயோமிங்கில் தொடங்கியது. தொடர் கல்வியும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்ஸாஸில் வருடத்துக்கு 15 மணி நேரம், அதில் 1 மணி நேரம் தொழில் அறம். ஃபுளோரிடாவில் இரண்டு வருடத்துக்கு 18 மணி. நியூயார்க்கில் மூன்று வருடத்துக்கு 36 மணி. கலிஃபோர்னியாவில் கட்டாயமே இல்லை! அங்கே இருக்கும் உறவினர் "எங்களுக்கு அப்படியெல்லாம் ஒன்றும் கிடையாதே" என்றால் எந்த மாநிலம் என்று முதலில் கேளுங்கள்.

நம் பிள்ளைகள் அதிகம் போவது ஆஸ்திரேலியா. அங்கே இன்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியா அமைப்பு மூன்று வருடத்துக்கு 150 மணி நேரம் கேட்கிறது. அதில் 50 மணி சொந்தத் துறையில், 10 மணி அபாய மேலாண்மையில், 15 மணி வணிகம், நிர்வாகத்தில் இருக்க வேண்டும். நம்முடைய வருடத்துக்கு 10 மணி வகுப்போடு ஒப்பிட்டால் கடுமைதான், ஆனால் எண்ணும் முறை வேறு என்பதால் நேராக ஒப்பிட முடியாது. பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் தென்னாப்பிரிக்கா 1999-இலிருந்து இருப்பதால், இங்குள்ள அங்கீகாரம் பெற்ற பொறியியல் பட்டத்துக்கு அதில் சேர்ந்த மற்ற நாடுகளிலும் மதிப்பு உண்டு. அந்த உடன்படிக்கை பட்டத்துக்கு மட்டும்தான், பதிவுக்கு அல்ல. இங்கே சேர்த்த கிரெடிட் பட்டியலும் சர்ட்டிபிகேட்டுகளும் அங்கே விண்ணப்பிக்கும்போது கைகொடுக்கும். போகிற அவசரத்தில் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இடையில் நின்றுபோனால்

பிரசவம், நீண்ட நோய், வெளிநாட்டு வேலை, வேலையில்லாத காலம் எல்லாம் வரத்தான் செய்யும். அந்தக் காலத்துக்குத் தள்ளிவைப்போ விலக்கோ தரும்படி மன்றத்துக்கு எழுதலாம். முக்கியம், நேரத்தோடு எழுதுவது. சுற்று முடிந்தபிறகு "அப்போது உடம்பு சரியில்லை" என்று மருத்துவச் சீட்டைத் தேடுவதைவிட, படுத்திருக்கும்போதே வீட்டில் ஒருவரை விட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்பச் சொல்வது மேல்.

ஓய்வு பெற்ற பெரியவர்களுக்குத் தனியாக ஒன்று. இனிமேல் கையெழுத்தே போடப்போவதில்லை என்றால், அதைச் சொல்லி விலக்குக் கேட்கலாம். ஆனால் கோயில் கமிட்டிக்காரர்கள் வந்து, "ஐயா, மண்டபத்துக்கு மாடி எடுக்கறோம், நீங்கதான் பார்த்துச் சொல்லணும்" என்று கேட்டால் கவனம். யோசனை சொல்வது வேறு. கட்டட விதிகளின்படி தகுதியுள்ள பொறுப்பாளராகப் படிவம் 2-இல் பெயர் கொடுத்து, நகராட்சிக்குப் போகும் வரைபடத்தில் கையெழுத்திடுவது வேறு. பின்னதைச் செய்தால் அது தொழில்தான், காசு வாங்காவிட்டாலும். பதிவு நடப்பில் இருக்க வேண்டும், தொடர் கல்வியும் இருக்க வேண்டும்.

கமிட்டிக்காரர்களுக்கும் வீடு கட்டுகிறவர்களுக்கும் இதில் ஒரு வசதி இருக்கிறது. யாருடைய பதிவு இன்றைய தேதியில் நடப்பில் இருக்கிறது என்பதை மன்றத்தின் இணையதளத்தில் பெயரையோ எண்ணையோ போட்டு யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நமக்குத் தெரிந்தவர், சொந்தக்காரர், மாமாவின் நண்பர் என்றாலும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஒழுங்காகப் புதுப்பித்து வைத்திருப்பவர் தானே எண்ணை எடுத்துக் கொடுப்பார்.